பொன்னுத்தாயி உறங்கிய பகல்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் மொரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் சின்ன அறை அது. விரிப்பு எடுக்கப் போனவள் வெகுநேரமாகத் திரும்பவில்லையே என்று தேடிப் போனேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த விரிப்புகள். அழவில்லை. கண் திறந்தே இருந்தது. எழுந்திரு, சிஸ்டர் பார்த்தால் திட்டுவார் என்றேன். "எழுந்திருக்கணும்னு நினைக்கிறேன், சிவா. உடம்பு கேட்க மாட்டேங்குது" என்றாள்.

சிஸ்டர் என்றவுடன் கன்னியாஸ்திரீ என்று நினைக்க வேண்டாம். இந்தச் சீமையில் வார்டுக்குத் தலைமை வகிக்கும் நர்சுக்கு அதுதான் பெயர். எங்கள் சிஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். அவர் வந்து பார்த்தார். மொரீனை ஒரு போர்வையில் சுற்றி அவளுடைய அறைக்கு அனுப்பிவிட்டு, அவள் பார்க்க வேண்டிய எட்டுப் படுக்கைகளை என்னிடம் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "உன்னிடம் அவளுக்குப் பிரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓய்வுதானே? போய்ப் பார்த்துப் பேசு. திங்கட்கிழமை அவளை வேலைக்கு அழைத்து வா. ஆள் இல்லை, உனக்கே தெரியும்."

இன்று ஞாயிறு. பிற்பகல் கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரர் தண்டபாணி பஸ்ஸில் கண்டக்டர். கொடைக்கானலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், இங்கே அவருடைய சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டார். மகள் உமா அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் எம்மா. டீச்சர் வாயில் உமா நுழையவில்லை, எம்மா என்று கூப்பிட்டார், இவளும் ஏனென்று திரும்பினாள், அவ்வளவுதான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவளை ஏசுவதற்கு எனக்கு வாயில்லை. வார்டில் ஒரு கிழவரிடம் விடைபெறும்போது, போயிட்டு வாரேன் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, போகிறேன், வருகிறேன் என்றேன். அவர் நான் அப்போதே திரும்பி வருவேன் என்று சாப்பாட்டைத் தொடாமல் காத்திருந்தாராம். நான் அதற்குள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மொரீனைப் பார்க்கப் போகுமுன் வேறொருத்தியைப் பற்றி எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. அவள் பெயர் பொன்னுத்தாய். கொடைக்கானல் பக்கம் இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அவளை நினைவிருக்கலாம். சிலரை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததே அவள் கைதான்.

2

நான் பழனிக்காரி. அப்பாவுக்கு அடிவாரத்தில் பூமாலைக் கடை. நர்ஸ் படிப்புக்கு மதுரைக்குப் போகிறேன் என்றபோது, "கண்டவன் மேலெல்லாம் கை வச்சுட்டு வந்து சாமிக்குப் பூக் கட்டுவியா?" என்று கேட்டார். நான் பூக் கட்ட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். படிப்பு முடிந்ததும் கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் பிற்பகுதி அது.

ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், ஒரு மருத்துவச்சி. ஏரியைச் சுற்றி இருந்த பங்களாக்காரர்களும் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எங்களிடம் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு இடம் இருந்தது. எங்களிடம் வந்தவர்கள் மார்க்கெட் ஆட்கள், லாரிக்காரர்கள், ஓட்டல்களில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். இவர்கள் போக, மேல்மலைக் கிராமங்கள் அத்தனையும் எங்கள் தலையில். மன்னவனூர், கவுஞ்சி, போளூர் என்று மலைக்குப் பின்னால் மலையாக அடுக்கியிருந்த ஊர்கள். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும். விளைந்ததைக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நோயாளியைக் கம்பளியில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கி வருவார்கள். பிரசவ வலிக்காரியை அப்படித் தூக்கி வர முடியாது. ஆகவே பொன்னுத்தாய் போவாள்.

பெரியகுளத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். புருஷன் இளவயதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளை இல்லை. கட்டையான உடம்பு, ஆனால் மலையேறும்போது ஆம்பிளைகள் பின்னால் ஓட வேண்டும். வாயில் எப்போதும் வெற்றிலை. விடியும்போதே ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது கம்பளியைத் தலையோடு போர்த்தியபடி குந்தியிருப்பான். "நர்சம்மா இருக்காங்களா?" என்பான். நர்ஸ் படித்த எங்களை அவர்கள் நர்சம்மா என்று சொல்லவில்லை. அவளைத்தான் சொன்னார்கள்.

அவள் வெளியே வருவாள். ஒரே கேள்விதான் கேட்பாள். "தலப்புள்ளயா?"

பதில் எதுவானாலும் பை தோளுக்கு ஏறிவிடும். ஜீப் கிடைத்தால் காட்டுப் பாதை முடிகிற இடம் வரை ஜீப். அங்கிருந்து குதிரைப் பாதையில் நடை. போய் ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள் கழித்து வருவாள். காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருக்கும். வந்ததும் நின்றபடியே சாப்பிடுவாள். வராந்தாவில் அடுத்தவன் காத்திருப்பான். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே, "எந்த ஊருப்பா?" என்பாள்.

"அக்கா, செத்த படுத்துட்டுப் போங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"நான் படுத்தா அங்க ஒருத்தி எந்திரிக்க மாட்டாளே தாயி" என்று சிரிப்பாள். ஊரே அவளைக் கும்பிட்டது. நாங்களும் பெருமைப்பட்டோம். ஓர் ஆளை எவ்வளவுதான் ஓட விடலாம் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

3

முதலில் வெற்றிலை நின்றது. மறந்துபோச்சு என்றாள். வெற்றிலை மறக்கிற பெண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு பேச்சு குறைந்தது. கத்தரியைக் கொதிநீரில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள், நீர் சுண்டிப் பாத்திரம் கருகும். ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே வலியில் கத்திய ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே வெளியே போய், குழாயடியில் நெடுநேரம் கழுவினாள். அந்தப் பெண் என்னிடம், "அவங்க நல்லவங்கதான், என்ன கோவமோ" என்று அவளுக்காகப் பேசினாள்.

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிய சமயம். ஒரு காலையில் கவுஞ்சிக்காரன் ஒருவன் மூச்சிரைக்க வந்தான். அவனோடுதான் பொன்னுத்தாய் வெள்ளனே கிளம்பிப் போயிருந்தாள்.

"டாக்டரய்யா, நர்சம்மா பாதையில ஒக்காந்திருக்காங்க. எந்திரிக்க மாட்டேங்குறாங்க."

"விழுந்துட்டாங்களா? அடி பட்டுச்சா?"

"இல்லைங்கய்யா. சும்மாதான் ஒக்காந்தாங்க. பைய என் கையில குடுத்துட்டாங்க. நீ போப்பாங்குறாங்க. நான் போயி என்ன செய்ய?"

எங்கள் டாக்டர் பெயர் ராமநாதன். மதுரைக்காரர். மனைவி குளிர் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார். கவுஞ்சிக்கு இன்னொரு நர்சை அந்த ஆளோடு அனுப்பினார்.

யூக்கலிப்டஸ் தோப்பைத் தாண்டிய ஒரு வளைவில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு நனைந்து கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னம்மா செய்யுது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் செய்யல டாக்டர். காலு நல்லாத்தான் இருக்கு. நடக்கணும்னு தோணல."

நான் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. "புள்ள பொறக்கும்போது முன்னெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம் வரும்" என்றாள், என்னிடமா அவரிடமா என்று தெரியாமல். "இப்ப ஒண்ணும் வரல. கழுவித் தொடச்சுக் குடுக்குறேன். சட்டி கழுவுற மாதிரித்தான் இருக்கு."

டாக்டர் அவளை அதட்டுவார் அல்லது மருந்து கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் தம் கம்பளிக் கோட்டோடு அந்த ஈரமண்ணில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு குதிரைக்காரன் பூண்டு மூட்டையோடு எங்களைத் தாண்டிப் போனான், திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தாம்மா இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார் டாக்டர்.

4

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் தொடங்கியது. மலையிலிருந்து திரும்பியவர்கள் அடுத்த ஒரு பகல் முழுக்கப் படுக்க வேண்டும். யார் வந்தாலும் எழுப்பக்கூடாது. அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் டாக்டரே போவார். இரண்டாவது மருத்துவச்சி கேட்டு அவர் ஏற்கெனவே மேலிடத்துக்குப் பலமுறை எழுதியிருந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்டது ஒரு மருத்துவச்சிதான், அந்த இடத்தில் ஆள் இருக்கிறார், ஆகவே காலியிடம் இல்லை என்று பதில் வரும். அவர் அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைப்பார்.

முதல் ஓய்வு நாளில் பொன்னுத்தாய் தூங்கவில்லை. கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவது முறை தூங்கினாள், சாயங்காலம் வரை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் திரும்பி வந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வெயிலில் முடி காயவைத்தாள். வெற்றிலைப் பெட்டி திறந்தது. டாக்டர் நடப்பதைப் போல நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். "பகல்ல தூங்குறது எம்புட்டு ருசியா இருக்கு தாயி! இத்தன வருசமா தெரியாமப் போச்சே" என்றாள்.

அந்தப் பனிக்காலமும் அடுத்து வந்த சீசனும் அப்படியே நல்லபடியாகக் கழிந்தன. மனுஷரை மனுஷராக வைத்துக்கொள்ள அவ்வளவு சின்ன விஷயம் போதுமாக இருந்தது.

பிறகு குழந்தைவேலு வந்தான். போளூர்க்காரன், இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். சொந்தமாகப் பூண்டு போடுகிற குடும்பம். அவன் மனைவிக்குத் தலைப்பிள்ளை. காலையில் வராந்தாவில் வந்து நின்றபோது அவன் வேட்டி முட்டி வரை சேறு. பொன்னுத்தாய் முந்தின நாள் இருட்டும் நேரத்தில்தான் மன்னவனூரிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"நர்சம்மாவ வெரசா வரச் சொல்லுங்க. வலி எடுத்து நேரமாச்சு. ஊர்க் கெழவி கைய விரிச்சுட்டா."

டாக்டர் பையோடு வெளியே வந்தார். "நான் வர்றேன். வா போகலாம்."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களா? ஆம்பள டாக்டர வீட்டுக்குள்ள விடமாட்டாங்க சாமி. அம்மா ஒத்துக்கிறாது. அவுங்க வந்தாப் போதும்."

"அவங்களுக்கு உடம்புக்கு முடியல. நானும் இந்த நர்சும் வர்றோம்."

"ஒரு தடவ எழுப்பிக் கேளுங்க சாமி. நானே கேக்குறேன்." அவன் அறைப் பக்கம் நகர்ந்தான். டாக்டர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டித் தடுக்கவில்லை, சும்மா நின்றார். அந்த மனிதர் அப்படி எதிலும் உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. "நேரம் போகுதுப்பா. வா" என்றார்.

5

போளூர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கூட்டம். என்னை உள்ளே விட்டார்கள். டாக்டரை முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். குழந்தைவேலுவின் தாய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "எங்க வீட்டுப் பொண்ண ஒரு ஆம்பள பாக்க வேண்டாம். பொன்னுத்தாயி எங்க? அவள ஏன் கூட்டியாரல?"

உள்ளே புகை, இருட்டு. அந்தப் பெண் என்னைவிட இளையவள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. எனக்கு அது என் கையால் ஆகிற காரியமில்லை என்று உடனே தெரிந்தது. வாசலுக்கு வந்து அந்தத் தாயின் காலைப் பிடித்தேன். "அவரை விடுங்கம்மா. விடலன்னா ரெண்டு உசுரும் போயிரும்."

"அவ வந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள். அவளுக்கு அது அடம் இல்லை. அவளுடைய கடைசி இரண்டு பிள்ளைகளையும் எடுத்தது பொன்னுத்தாய்தான். பயத்தில் தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலுதான் கடைசியில் தாயைத் தூக்கி ஒதுக்கினான். டாக்டர் உள்ளே வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். பிள்ளை பிழைத்தது, ஆண் பிள்ளை. அழுதது. அந்த அழுகையைப் பெற்றவள் கேட்டாள், என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினாள். பிறகு ரத்தம் நிற்கவில்லை. நானும் டாக்டரும் மாறி மாறி அழுத்திப் பிடித்தோம். எங்கள் முழங்கை வரை நனைந்தது. அவள் குளிருது என்றாள். கம்பளி போட்டோம். இன்னொரு முறை குளிருது என்றாள்.

குழந்தைவேலு கத்தவில்லை. டாக்டர் வெளியே வந்து அவனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியலையா, இல்ல தூங்கிட்டு இருந்தாங்களா?"

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். "தூங்கிட்டு இருந்தாங்க" என்றார்.

6

நாங்கள் திரும்பியபோது பொன்னுத்தாய் அடுப்படியில் இருந்தாள். எங்களுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? யாரும் வந்தாங்களா?" என்றாள்.

டாக்டரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். எந்த வீடு, யார் மகள் என்று கேட்டாள். பிறகு, "நான் போயிருந்தா?" என்றாள்.

"நீங்க போயிருந்தாலும் அந்த ரத்தத்த நிறுத்தியிருக்க முடியாதும்மா. அதுக்கு வேற ரத்தம் ஏத்தணும். போளூர்ல அதுக்கு வழியில்ல."

"ஆனா என்னைய உள்ள விட்டிருப்பாங்க. வெளிய நிக்க வச்சிருக்க மாட்டாங்க."

உண்மை அதுதான். அந்த முற்றத்தில் போன நேரம் அவளுக்குப் போயிருக்காது. அந்த நேரம் உயிரைக் காப்பாற்றியிருக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் எத்தனையோ பிரசவங்களைப் பார்த்த பிறகும் தெரியாது.

அன்றிலிருந்து ஓய்வு நாளில் பொன்னுத்தாய் படுக்கவில்லை. வராந்தா பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். டாக்டர் வந்து, "உள்ள போங்கம்மா" என்பார். "தூக்கம் வரல டாக்டர். வந்தாப் போக மாட்டேனா?" என்பாள். மார்க்கெட்டில் பேச்சு பரவியிருந்தது. பகலில் தூங்குகிற மருத்துவச்சி என்று காதுபட யாரோ சொன்னார்கள். நேற்று வரை கும்பிட்ட கைகள்தான்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்து விசாரித்தார். அவர் கெட்டவரில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க கஷ்டம் புரியுது டாக்டர். ஆனா ஒரு பொம்பள செத்துக்கிட்டு இருக்கும்போது மருத்துவச்சி தூங்கினாங்கன்னா நான் மேல என்ன பதில் சொல்றது?" என்றார்.

"தூங்காம இருந்தா அந்தம்மா செத்துருவாங்கன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அப்படிச் செத்ததா எங்கயும் வரலையே."

ஓய்வு நாள் நிறுத்தப்பட்டது. டாக்டர் ராமநாதனைக் கீழே சமவெளியில் எங்கோ மாற்றினார்கள். பஸ் ஏறுமுன் என்னிடம், "அவங்கள சாப்பிட மட்டும் வச்சிரும்மா" என்றார். புதிதாக வந்த டாக்டர் இளைஞர். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது, பொன்னுத்தாய் சுறுசுறுப்பானவர் என்று பாராட்டினார். அவள் முன்னைவிட அதிகமாகப் போனாள். கூப்பிடாத ஊர்களுக்கும் போனாள். ஒரு காலையில் வராந்தாவில் மலைக்காரன் ஒருவன் காத்திருக்க, அவள் பை மட்டும் பெஞ்சில் இருந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போய்விட்டதாகப் பஸ் நிலையத்தில் சொன்னார்கள். அவளோடு ஒரு மஞ்சள் பை கூட இல்லையாம்.

7

சீமைக்குக் கிளம்புமுன் அவளைப் பார்த்துவிட வேண்டுமென்று விசாரித்தேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு கமிஷன் கடையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகல் ஒருபக்கம், நல்லது ஒருபக்கம். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் சாக்கைத் தட்டிப் போட்டாள்.

"ஒல்லியாயிட்டியே தாயி."

"நீங்க எப்படியக்கா இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். விடிஞ்சா லாரி வரும். இருட்டுனா கடையப் பூட்டிருவாங்க. பூட்டுனப்புறம் ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க." கை நிற்காமல் வெங்காயத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. "இங்கயும் ஒருத்திக்கு வலி வந்துச்சு, போன மாசம். மூட்டை தூக்குறவன் பொண்டாட்டி. எல்லாரும் பதறுனாங்க. நான் எந்திரிக்கல. எனக்கு அந்த வேல தெரியும்னு இங்க யாருக்கும் தெரியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ நல்லாத்தான் பெத்தா. ஆனா அன்னைக்குப் பூரா அழுகலையும் நல்லதையும் ஒண்ணாப் போட்டுட்டு இருந்தேன்." பிறகு, "நீ போற ஆஸ்பத்திரியில எத்தன பேரு வேல பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"நூத்துக்கணக்குல இருப்பாங்களாம் அக்கா."

"அப்பச் சரி" என்றாள். நிஜமாகவே நிம்மதி அடைந்தது போல மூச்சு விட்டாள். "அப்பச் சரி. போயிட்டு வா. எனக்குச் சோலி கெடக்கு."

அவளை மறுபடி நான் பார்க்கவில்லை. இருக்கிறாளா என்றும் தெரியாது.

8

திங்கட்கிழமை எழுதுகிறேன்.

நேற்று மொரீன் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். வாடகை வீட்டு மாடியில் ஒற்றை அறை. நான் கொண்டுபோன ரசத்தைக் காரம் என்று சொல்லிக்கொண்டே குடித்தாள். இருபத்திரண்டு வயசு. அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர், அப்பாவுக்கு நாலு மாடுகள். இந்த ஊரில் அவளும் என்னைப் போல வெளிநாட்டுக்காரிதான், நிறம் மட்டும் வேறு. மற்றவர்கள் தள்ளிவிடுகிற ஷிப்டுகளெல்லாம் எங்களுக்கு வரும். ஓய்வு நாளிலும் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வருகிறவர்கள் என்று எங்களுக்கு நல்ல பெயர்.

"சிஸ்டர் அனுப்பினாரா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லு. உடம்பு சரியாகிவிட்டது." சொல்லும்போது அவள் கை ரசக் கிண்ணத்தை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. மேஜை எதிரிலேயே இருந்தது.

சிஸ்டர் சொல்லி அனுப்பிய வார்த்தைகள் என்னிடம் தயாராக இருந்தன. உன்னை நோயாளிகள் கேட்கிறார்கள், நீ இல்லாமல் எங்களுக்குக் கை உடைந்த மாதிரி இருக்கிறது. அத்தனையும் உண்மை. பொன்னுத்தாயிடம் நாங்கள் சொன்னதும் இதையேதான். நான் எழுந்து அவள் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினேன். "வராதே, மொரீன். அம்மாகிட்டப் போ" என்றேன். முதல் பாதி ஆங்கிலத்தில் வந்தது, மறுபாதி தமிழில் வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் அழுதாள். நான் அவள் துணிகளை மடித்து வைத்தேன். இன்று காலைக் கப்பலுக்கு ரயில் பிடித்திருப்பாள்.

காலையில் வார்டுக்குப் போனதும் சிஸ்டர் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"எங்கே அவள்?"

"ஊருக்குப் போகிறாள். நான்தான் போகச் சொன்னேன்."

சிஸ்டர் என்னை நேராகப் பார்த்தார். வெளியே தட்டு வண்டியை யாரோ தள்ளிப் போகிற சத்தம். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் குரல் எப்போதும் போலத் தாழ்ந்தே வந்தது. "அவளுடைய படுக்கைகளை யார் பார்ப்பது?"

இந்தக் கேள்வி வெகுகாலமாக என் காதில் விழுந்துவருகிறது. நான் போகிறேன் என்பாள் பொன்னுத்தாய். நான் போகிறேன் என்பார் டாக்டர் ராமநாதன். நானும் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் சொல்லி வந்தேன். இன்றும் அது நாக்கு வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது, சிஸ்டர்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சீருடையின் கை நுனிகளில் மாட்டியிருந்த கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டைகளைக் கழற்றி மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது.

"எனக்கும்தான் தெரியவில்லை" என்றார்.

மூன்றாம் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார்.